கிணற்றடி மல்லிகையும் ஹெய்ற்றி வெட்டிவேரும்

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

ரொறொன்ரோ அக்காவின் பார்சல் வந்துவிட்டது. சொக்லேட்டுக்கும் துவாய்க்கும் நடுவே, காலுறைக்குள் செருகிய ஐந்து சிறு வாசனை எண்ணெய்ப் போத்தல்கள்: தோடம்பழம், தேசிக்காய், லவெண்டர், கறுவாப்பட்டை, வெட்டிவேர். போன வருடம் வாங்கிய சென்ற், வேர்வையோடு சேர்ந்ததும் பூச்சிமருந்தாக நாறியது என்று தொலைபேசியில் புலம்பியிருந்தேன். "அப்படியென்றால் நீயே செய்து பார்" என்று அனுப்பிவிட்டாள்.

கறுவாப் போத்தலில் இலங்கை உற்பத்தி என்று இருக்கிறது. இந்தத் தீவிலிருந்து கனடா போய் மறுபடி முள்ளியவளைக்கு வந்திருக்கிறது! வெட்டிவேர் ஹெய்ற்றி நாட்டிலிருந்து. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதற்கு நம்முடைய பெயர்தான். வேர் எங்கோ விளைகிறது, பெயர் மட்டும் தமிழில் நிற்கிறது.

ஓகஸ்ட் 13, செவ்வாய்

பழைய வினாத்தாளின் ஓரங்களை விரல் நீளத்துக்கு வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு துளி விட்டு, பென்சிலால் நேரம் எழுதி, யன்னல் கம்பியில் செருகினேன். தோடம்பழம் அரைமணி நேரத்தில் போய்விட்டது. லவெண்டர் பொழுதுபடும்வரை தாக்குப் பிடித்தது. வெட்டிவேர் போத்தலைச் சரித்தால் உடனே விழாது. பாணிபோல யோசித்து யோசித்து இறங்குகிறது. முதலில் புதிதாக வெட்டிய கிணற்றின் ஈரமண் வாசம். மறுநாட் காலை பார்த்தால் அதே தாளில் மரப்பெட்டிபோல மெல்லிய இனிப்பு.

வாசனைத் தொழில் முழுவதும் இந்த ஓட்டப் போட்டிதான். முதலில் ஓடுவது மேல்வாசம், நின்று காப்பது அடிவாசம். சோளகம் வீசும் இந்த ஊரில் மேல்வாசத்தை நம்பினால் படலை தாண்டுமுன் வெறுங்கை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

புத்தி கெட்டு, கறுவாப்பட்டை எண்ணெயை ஒரு துளி அப்படியே மணிக்கட்டில் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் நெருப்பு. தண்ணீரில் கழுவினால் போகவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சோற்றுக்குப் போடும் பட்டைதானே என்று நினைத்தது என் பிழை. பட்டையில் உள்ளதன் சாரம் முழுவதும் ஒரு துளியில் நிற்கிறது. பட்டை எண்ணெயில் மிகுதியாக இருப்பது சினமல்டிஹைட் என்ற இரசாயனம். தோலை வதைப்பது அதுதான். இனி அது பல்லுக்குச்சி நுனியால் தொட்டு வைக்கும் அளவுக்கு மட்டும்.

தேசிக்காயையும் விலக்கிவிட்டேன். தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடுமாம். நீராவியில் வடித்ததென்றால் அந்தப் பயமில்லை. போத்தலில் எது என்று போடவில்லை. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற எனக்கு எதற்கு வீண் பரீட்சை? தரை துடைக்கும் வாளிக்குள் இரண்டு துளி விட்டேன், வீடு மணக்கிறது.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

மல்லிகை இல்லாமல் எனக்கு வாசனை இல்லை. ஆனால் அதை நீராவியில் வடித்தால் அந்த மணம் சரியாக வராது. கரைப்பானால் பிரித்தெடுத்த சாரத்தின் விலையோ என் சம்பளத்துக்கு எட்டாது. பறித்த பிறகும் மணம் விடுகிற பூ என்பதால், கொழுப்பில் பரப்பி மணத்தைக் குடிக்க வைப்பார்கள். பிரான்சின் கிராஸ் நகரத்தார் பன்றி, மாட்டுக் கொழுப்பைக் கண்ணாடித் தட்டில் பூசிச் செய்த வேலை இது. நம் தேங்காயெண்ணெய் இந்தச் சூட்டில் உறையாது. ஆகவே போத்தலுக்குள் எண்ணெயையே ஊற்றி, கிணற்றடி மொட்டுகளை மாலையில் பறித்துப் போட்டு மூடினேன்.

மச்சான் எட்டிப் பார்த்து, எண்ணெய்க்குப் பதில் சாராயம் ஊற்றினால் என்ன என்றார். சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், எண்ணெய் கரையாமல் கலங்கி நிற்கும் என்றேன். மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

எல்லாம் பாழ். பூவின் ஈரம் அடியில் முத்து முத்தாகத் திரண்டு, மேலே வெள்ளைப் பூஞ்சணம். திறந்தால் பழங்கஞ்சி. பூக்களை ஒரு வாரம் மாற்றாமல் ஊறவிட்டால் வேறென்ன நடக்கும்?

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "எள்ளுக்குள் பூவை அடுக்கிப் பார்" என்றார். அவருக்கு யார் சொன்னதோ தெரியவில்லை. வட இந்தியாவில் அப்படித்தான் பூவையும் எள்ளையும் மாறி மாறி அடுக்கி, மணம் ஏறிய எள்ளை ஆட்டிப் பூவெண்ணெய் எடுக்கிறார்கள். அரைக்கிலோ எள்ளுக்காகச் செக்குக்காரரிடம் போய் நிற்க எனக்கு வெட்கம்.

செப்டெம்பர் 14, சனி

இம்முறை பூவை ஒரு மணி நேரம் துணியில் உலர்த்தினேன். வாயைத் துணியால் மட்டும் கட்டினேன். ஒவ்வொரு மாலையும் பழசைப் பிழியாமல் அள்ளிவிட்டுப் புதிது போட்டேன். பன்னிரண்டு நாள். மணம் வந்திருக்கிறது, பலமாக இல்லை, விடியற்காலை தலையணையில் கிடக்கும் நேற்றைய பூவின் அளவுக்கு.

செப்டெம்பர் 28, சனி

ஒட்டுசுட்டான் பக்கத்தில் காட்டுத்தேன் எடுப்பவரிடம் மெழுகு கிடைத்தது. கபில நிறம், உள்ளே தேனீயின் கால்கள். உருக்கித் துணியில் வடித்தேன். சுடுநீர்ச் சட்டிக்குள் கிண்ணம் வைத்து, மெழுகு ஒரு பங்கு, மல்லிகை எண்ணெய் நான்கு பங்கு. இறக்கி, சற்று ஆறியபின் வெட்டிவேர் எட்டுத் துளி, லவெண்டர் நான்கு, கறுவா குச்சி நுனி. சூட்டோடு சூடாக ஊற்றினால் வாசனை ஆவியாகிக் குசினிக்குத்தான் லாபம்.

பழைய தைலத் தகர டப்பாவில் உறைந்தது. தேன்மெழுகின் மணம் மற்றதையெல்லாம் அணைத்துக்கொண்டு நிற்கிறது. நான் கணக்குப் போடாதது அது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஒக்டோபர் 3, வியாழன்

மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகாக இருந்திருக்க வேண்டும். மதியம் சைக்கிள் கூடையில் வெயில் பட்டு டப்பா இளகி, வரவுப் பதிவேட்டின் அட்டைக்குள் இறங்கிவிட்டது. துடைத்துக் கொடுத்தேன். அதிபர் விரித்தார், ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார், பக்கத்தைப் புரட்டாமல் நிமிர்ந்தார்.

"ரீச்சர், யார் வீட்டில் கலியாணம்?"