ஐவர்மடத்தில் ஆடி அமாவாசை

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை. மதிலுக்கு அந்தப் பக்கம் சேச்சி வீட்டில் கர்க்கடக வாவு. நாள் ஒன்றுதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் இது பழக்கப்பட்ட விஷயம். நாங்கள் படையல் வைத்துக் காக்காயைக் கூப்பிடுவோம். அவர்கள் ஆற்றுக்குப் போய்ப் பலியிடுவார்கள், பெண்களும் சேர்த்து.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். இரண்டு வருஷம் சித்தப்பாதான் எள்ளும் தண்ணீரும் விட்டார். இந்தத் தடவை அவருக்கு முட்டிவலி. அப்படியும், "பொட்டப்புள்ள செய்யற வேலையா இது?" என்றார். சேச்சி கேட்டுவிட்டு, "நீ என்கூட வா மோளே" என்றார். அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரிக்கல். ஒரு வேளைதான் சோறு, ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி. விடியுமுன் கிளம்பி, திருவில்வாமலை பக்கம் பாம்பாடியில் இருக்கும் ஐவர்மடத்துக்குப் போனோம். போரில் செத்த கௌரவர்களுக்குப் பாண்டவர் ஐவரும் இங்கே பலியிட்டார்கள் என்பது ஐதீகம். கொன்றவர்களே பிண்டம் வைத்த கரையில் மகள் வைத்தால் என்ன குறை? எதிரே பாரதப்புழை, மழையில் கலங்கி ஓடியது. எங்கள் ஆழியாற்றுத் தண்ணீரும் சித்தூர்ப்புழையாகி இதில்தான் கலக்கிறது.

வரிசையில் நிற்கும்போது சேச்சி கேட்டார்: "அச்சன்டெ நாள் ஏதா?" நட்சத்திரம்! எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "ரோகிணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முங்கி எழுந்து, ஈரத்துணியோடு உட்கார்ந்தோம். மோதிரவிரலில் தர்ப்பைப் பவித்திரம். முன்னால் வாழையிலைத் துண்டில் பச்சரிசிச் சோறு, எள், சந்தனம், அப்புறம் வெள்ளை வெள்ளையாக ஒரு பூங்கொத்து. சேச்சி அதைச் செறூள என்றார். கையில் எடுத்துப் பார்த்தால் நம்ம பூளைப்பூ! பொங்கலுக்கு முன்னால் ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்து அப்பா கூரையில் காப்புக் கட்டுவாரே, அதே பூளை. சடங்கு நடத்தும் கர்மி மைக்கில் சொல்லச் சொல்ல நூறு பேர் ஒன்றாக எள்ளும் நீரும் விட்டார்கள். மந்திரம் பாதி எனக்குப் பிடிபடவில்லை. பூளையைக் கீழே வைக்கத்தான் மனசு வரவில்லை.

முங்கப் போகுமுன் சித்தப்பா மறுபடியும் கூப்பிட்டிருந்தார். "எங்கம்மாவுக்கு மகம். அவ பேரையும் சொல்லிரு."

அப்பா பேரோடு பாட்டி பேரையும் சேர்த்துச் சொல்லி, இலையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.