இ.எஸ்.ஆர். ஒருவழியா இறங்கிடுச்சு

கிட்டார் ஆம்பை கம்ப்யூட்டர்ல நகல் எடுக்கும்போது, நகல் அசலை விட்டு எவ்வளவு விலகுதுன்னு காட்டுற நம்பர்தான் இந்த இ.எஸ்.ஆர். (எரர்-டு-சிக்னல் ரேஷியோ), கம்மியா இருந்தா நல்லது. மூணு வாரமா 0.14லயே உக்காந்திருந்த நம்பர் நேத்து ராத்திரி 0.008க்கு வந்துடுச்சு. சந்தோஷத்துல கத்தினதுல அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க. அவங்களுக்கு இது ஏற்கனவே பெரிய கவலை, ஏன்னா நான் போன்ல ஃப்ரெண்டுகிட்ட "இ.எஸ்.ஆர். குறையவே மாட்டேங்குதுடா"ன்னு பொலம்பினதைக் கேட்டுட்டு ரத்த டெஸ்ட்ல வர்ற இ.எஸ்.ஆர்.னு நெனச்சு எந்த லேப்ல ரத்தம் குடுத்தேன்னு ரெண்டு நாளா நச்சரிச்சுட்டு இருந்தாங்க.

விஷயம் இதுதான். சித்தப்பா பையன் அமெரிக்காவுல இருந்து திரும்பி வரும்போது ஒரு பழைய சில்வர்ஃபேஸ் ஃபெண்டர் சாம்ப், டியூப் (வால்வு) போட்ட குட்டி கிட்டார் ஆம்ப், கொண்டு வந்தான். 70கள்ல வந்தது, ஸ்பீக்கரை ஓட்ட ஒரே ஒரு 6வி6 டியூப், ஏசியை டிசியாக்க 5ஒய்3 ரெக்டிஃபையர் டியூப், 8 இன்ச் ஸ்பீக்கர், மிஞ்சிப்போனா 5, 6 வாட். இத்தனை வருஷமா மாடலர், அதாவது ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலா போலி செய்ற பெட்டி, வச்சே ஓட்டுனவன் நான், லைன் 6 கம்பெனியோட பழைய பாட் பீன்ல ஆரம்பிச்சது. டியூப் ஆம்ப்காரங்க "ஃபீல், ஃபீல்"னு பேசும்போதெல்லாம் உள்ளுக்குள்ள சிரிப்பு வரும். சரி, ஆம்ப் கைக்கு வந்துடுச்சு, அதையே கேப்சர் பண்ணி (டிஜிட்டல் நகல் எடுத்து) ரெண்டையும் பக்கத்துல வச்சு கேட்டுருவோம்னு நியூரல் ஆம்ப் மாடலர்ங்கிற சாஃப்ட்வேர்ல இறங்கினேன். (என்.ஏ.எம்.னே சொல்றேன், சேத்து வாசிச்சா "நாம்" ஆயிடுது.) கேப்சர் பண்றது எப்படின்னு நான் சொல்லத் தேவையில்ல, சிக்னல் ஃபைலை ஆம்புக்கு அனுப்பு, எஸ்எம்57 மைக்ல ரெக்கார்ட் பண்ணு, டிரெய்னிங்ல போடு, அவ்ளோதான்.

அவ்ளோதான்னு நெனச்சது தப்பு. ஹம், அதான் அந்த 'ம்ம்'னு ஓடுற கரண்ட் இரைச்சல். ஆம்ப் போடுற ஹம்முக்கும் உள்ள போற சிக்னலுக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால மாடலால அதைக் கத்துக்கவே முடியாது, டிரெய்னிங்கை எத்தனை இபாக் (சுற்று) ஓட்டினாலும் அது எரர் கணக்குலயே நிக்கும். 100 ஓட்டினேன், 400 ஓட்டினேன், அதே 0.14.

முதல் சந்தேகம் டிசியைச் சீராக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல. அம்பது வருஷப் பழசு, யாருக்குத்தான் சந்தேகம் வராது. பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் விக்கிற எஸ்.பி. ரோடுக்குப் போனேன். 450 வோல்ட் எல்லா கடையிலயும் இருக்கு, ஆனா 5ஒய்3 போட்ட ஆம்புல 6வி6 சூடாகி கரண்ட் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெக்டிஃபையர் முழு வோல்டேஜை ஏத்திடும், அந்த சில செகண்டுக்கு 450 பத்துமான்னு பயம், 500தான் வேணும்னு பிடிவாதமா அலைஞ்சேன். ஒரு கடையில 500னு எழுதினது கெடச்சுது. வீட்டுக்கு வந்து பாத்தா மேல இருக்கிற பிளாஸ்டிக் உறை லேசா தூக்கியிருக்கு, உரிச்சா உள்ள இன்னொரு உறை, அதுல 400. நல்லவேளை போடல.

கடுப்புல சேசிஸைத் தூக்கிட்டு அல்சூர்ல எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற பழைய ரேடியோ மெக்கானிக்கிட்ட போனேன். வால்வு ரேடியோ காலத்து ஆளு, எழுபது தாண்டியிருக்கும். ஆம்பைப் பக்கமே வரல, போன்ல இருந்த ரெக்கார்டிங்கைக் காதுல வச்சுக் கேட்டாரு. "கண்டன்சர் போச்சுன்னா 100ல அடிக்கும் தம்பி, இது 50ல இல்ல அடிக்குது? நீ ஏன் அதைப் போட்டு நோண்டுற?" அவ்ளோதான், டீ குடிக்கப் போயிட்டாரு. (கண்டன்சர்னா கெப்பாசிட்டர்தான். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையர் தாண்டினா அது 100 ஆயிடும், கெப்பாசிட்டர் போனா கேக்குறது அந்த 100.)

வீட்டுக்கு வந்து ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்ங்கிற கிராஃப், பாத்தேன். 50ல ஒரு பனைமரம், 150ல ஒரு தென்னை, 100ல புல்லு. டியூபை சூடாக்குற ஹீட்டர் வயரிங்கா, எர்த் கனெக்‌ஷன் சுத்தி வர்ற கிரவுண்ட் லூப்பான்னு, சிக்னலை ஆம்புக்கு அனுப்புற ரீஆம்ப் பாக்ஸைக் கழட்டி மாட்டி, ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸை லேப்டாப் பேட்டரில ஓட்டி, எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் அசையல. நேத்து ராத்திரி அலுத்துப்போய் ஆம்பை ஆஃப் பண்ணிட்டேன், ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துட்டேன். ஆம்ப் ஆஃப். ஹம் மட்டும் அப்படியே ஓடிட்டிருக்கு!

சாம்புக்கு அமெரிக்க வோல்டேஜ் வேணும்ல, அதுக்கு 230ல இருந்து 110க்கு இறக்குற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், செங்கல் சைஸ், அது மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உக்காந்திருந்துச்சு. டைனமிக் மைக்ல இருக்கிறதும் காயில்தானே, டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலத்தை நேரா வாங்கிட்டிருந்திருக்கு. மூணு வாரம், ரெண்டு டிரிப் எஸ்.பி. ரோடு, ஒரு சாண். எக்ஸ்டென்ஷன் போட்டு அந்தச் செங்கலை ரூம் வாசல் வரைக்கும் தள்ளி வச்சேன், ஓட்டினேன், 0.008. இதுல சிரிப்பு என்னன்னா லைன் 6ஓட ஹெலிக்ஸ் மாடலர்ல ஹம்முக்குன்னே ஒரு பராமீட்டர் குடுத்திருக்கான், வேணும்னா ஏத்திக்கலாமாம்.

சரி, கம்பேரிசன். ஒரே ரிஃப்பை ஆம்ப்ல ரெக்கார்ட் பண்ணது ஒண்ணு, கேப்சர்ல ஒண்ணு, லெவலை ரொம்ப நெருக்கமா மேட்ச் பண்ணி, தம்பிய மாத்தி மாத்திப் போடச் சொல்லி கண்ணை மூடிட்டு கேட்டேன். 20க்கு 11 சரி. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதான் வந்திருக்கும். லெவல் மேட்ச் பண்ணாம முன்னாடி ஒரு தடவை கேட்டப்போ ஆம்புதான் "உயிரோட இருக்கு"ன்னு பத்துக்கு ஒம்போது சொன்னேன், பாத்தா அது ஒண்ணரை டெசிபல் சத்தம் ஜாஸ்தி.

ஆனா ரெண்டுமே மைக் வழியா வந்த சத்தம், ரெண்டுமே மானிட்டர்லதான் கேக்குறோம். ஆம்புக்கு முன்னாடி நின்னு வாசிக்கும்போது அந்தச் சின்ன மரப்பெட்டி தரையில அதிருறது, வால்யூம் 7க்கு மேல போனா நோட் லேசா அமுங்கி மேல எந்திரிக்கிறது, அதை மைக் வச்சு எடுத்ததோட ஒப்பிட்டு "மாடலர்ல ஃபீல் இல்ல"ன்னு சொல்றது அநியாயம். நேர்ல சாப்பிட்ட பிரியாணியையும் போட்டோல இருக்கிற பிரியாணியையும் வச்சு சமையல்காரனைத் திட்டுற மாதிரி. ஃபீல் பத்தி சிரிச்சதை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன், முன்னாடி நின்னு வாசிச்சா இருக்கு, நெஜமாவே இருக்கு.

இன்னொண்ணு. எங்க ஏரியால சாயங்காலம் மெயின்ஸ் 215, நடுராத்திரி 240. ஸ்டெப்டவுன் தாண்டி ஆம்புக்குப் போறது 103ல இருந்து 115 வரைக்கும் ஆடுது. சாயங்காலம் ஏழு மணிக்கு எடுத்த கேப்சர்ல சத்தம் கொஞ்சம் முன்னாடியே உடையுது, ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்தது கிளீனா நிக்குது. எது "ஒரிஜினல்" டோன்? கேப்சர் ஃபைலுக்காவது ஒரே மூஞ்சி.

அடுத்தது 12ஏஎக்ஸ்7, ஆம்புல சிக்னலை முதல்ல பெருக்குற சின்ன டியூப். அதோட ஐரோப்பியப் பேரு இசிசி83, நம்ம பெங்களூர் ஜாலஹள்ளி பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) அந்தக் காலத்துல அதைச் செஞ்சுட்டிருந்தான், இன்னைக்கு வெளிநாட்டுக்காரன் தேடித்தேடி வாங்குறான். ரேடியோ மெக்கானிக்கிட்ட பழைய டப்பால ரெண்டு இருக்குன்னாரு, விலை சொல்ல மாட்டேங்குறாரு, "எடுத்துட்டுப் போய் போட்டுப் பாரு, பிடிச்சா பாத்துக்கலாம்"ங்கிறாரு, அதுதான் பயமா இருக்கு. அதுல ஒரு கேப்சர், இப்ப இருக்கிறதுல ஒரு கேப்சர், ரெண்டுமே நடுராத்திரில எடுக்கணும்.

கெப்பாசிட்டர் இன்னும் மாத்தல. 500 வோல்ட் ஒரிஜினல் யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, உறையை உரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்.