கிற்றார் மாஸ்டரின் பின்னேர வகுப்பு

ஜாஸ் பிறந்த நியூ ஓர்லீன்ஸிலிருந்து வந்த யேசு சபைக் குருமார் மட்டக்களப்பில் பல காலம் படிப்பித்தார்கள். இங்கே வேர் பிடித்ததோ கூடைப்பந்து. ஆகவே ஜாஸ் கிற்றார்காரர் ஒருவர் இந்த ஊரில் எப்படிச் சீவித்தார் என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கேட்பதில் நியாயம் உண்டு. எங்கள் மாஸ்டருக்குச் சோறு போட்டது பைலா என்னும் ஆட்டப்பாட்டு. பறங்கியர் கலியாண வீடு, ஞாயிறு பூசை, போருக்குப் பிறகு பாசிக்குடா ஹோட்டல்கள். ஜாஸ் எல்லாம் பின்னேர வகுப்பில்தான்.

புதிதாக வருபவர்களை ஆறு தந்தியும் தொட விடமாட்டார். நாலாம், மூன்றாம் தந்தி மட்டும். டி மைனர் செவன் என்ற கோர்ட்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு) நாலாவதில் 3ஆம் பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), மூன்றாவதில் 5ஆம் பிரெட். ஜி செவனுக்கு மூன்றாம் தந்தி விரல் மட்டும் 4க்கு இறங்கும். சி மேஜர் செவனுக்கு அது அங்கேயே நிற்க, நாலாம் தந்தி விரல் 2க்கு இறங்கும். சங்கீதம் படித்த பிள்ளைகளுக்குச் சங்கராபரணத்தில் சொல்வார்: ம–ச, ம–நி, க–நி. கோர்ட் இன்னதென்று காட்டுவது மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான். அடிச்சுரத்தை பேஸ் கிற்றார் பார்த்துக்கொள்ளும். கீபோர்ட்டும் வாசிக்கையில் ஆறு தந்தியையும் அடித்தால் நடுச்சுரங்கள் முட்டிக்கொண்டு பாடகரின் குரல் அமுங்கிப்போகும். அமெரிக்காவின் கவுண்ட் பேசி ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்த கிற்றார்காரர் ஃபிரெடி கிரீன் இப்படிச் சிக்கனமாக வாசித்தே கடைசிவரை இருந்தார். தனி வாசிக்கத் துடிக்கும் பெடியன்களுக்கு இந்தக் கதை ருசிக்காது.

தாளம் இன்னும் கஷ்டம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை முதல் அடியில் போய் விழும். ஜாஸில் கனம் 2இலும் 4இலும். தட்டுப் போடும் மெற்றோனோம் கருவியை நிமிடத்துக்கு 60இல் வைத்து, அதன் தட்டுகளை 2, 4 என்று எண்ணச் சொல்வார். பாட்டு 120இல் ஓடும். நாலு வரி போவதற்குள் தட்டு 1, 3 ஆகிவிடும். ஓட்டத்திலேயே சரிக்கட்டப் பார்த்தால் மேலும் குழம்பும். நிறுத்தி, வாயால் எண்ணி, பிறகு கையை வைக்க வேண்டும்.

அமெரிக்க ஜாஸ் கிற்றார்காரர் வெஸ் மொண்ட்கொமெரி பாணி ஒக்டேவுக்கு (ஒரே சுரத்தை மேல், கீழ் ஸ்தாயிகளில் சேர்த்து வாசிப்பதற்கு) பிக் என்ற மீட்டும் தகடு கிடையாது, பெருவிரல்தான். ஆறாம் தந்தி 3ஆம் பிரெட்டில் சுட்டுவிரல், நாலாம் தந்தி 5ஆம் பிரெட்டில் மோதிரவிரல். இடையிலுள்ள ஐந்தாம் தந்தியைச் சுட்டுவிரலின் சதை தொட்டு அடக்க வேண்டும். அழுத்தினால் வேண்டாத சுரம் கிளம்பும். நாலாம்–இரண்டாம் தந்திச் சோடிக்கு வந்ததும் இடைவெளி மூன்று பிரெட் ஆகும். அங்கே சின்னவிரல். அநேகமாக எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கிற்றாருக்கு மட்டக்களப்புக் காலநிலை ஆகாது. மாரியில் பலகை ஊதித் தந்தி உயரும். கோடையில் வீசும் வறண்ட கச்சான் காற்றில் மரம் சுருங்கிப் பிரெட் முனைகள் விரலைக் கீறும், தந்தி இரையும். கழுத்தின் வளைவைப் பார்க்க, ஒரே தந்தியை 1ஆம் பிரெட்டிலும் 14ஆம் பிரெட்டிலும் அழுத்திக்கொண்டு 7ஆம் பிரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி பார்ப்பார். ஒரு விசிட்டிங் கார்ட் அளவு போதும். கூடினால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை வலப்பக்கம் கால் சுற்று முறுக்கி, அடுத்த நாள்தான் திரும்பப் பார்ப்பார். மரம் ஆறுதலாகத்தான் அசையும். அவசரக்காரர் முழுச் சுற்று முறுக்கினால் மரை அறுந்துவிடும். ஊதியது கழுத்தல்ல, மேல்பலகை என்றால் கம்பியில் கைவைக்கவே கூடாது. மேல்பலகையில் தந்தியைத் தாங்கும் சடில் என்ற சிறு துண்டைத்தான் தேய்க்க வேண்டும். தேய்த்ததைக் கச்சானில் திரும்ப உயர்த்த முடியாது என்பதால் மாரிக்கும் கோடைக்கும் தனித்தனிச் சடில் வைத்திருந்தார்.