நான்காவது விட்டம் உட்கார்ந்தது: பேலீஃப் வீட்டின் கூடச் சட்டகம்

ஏழு மாதங்களில் மூன்று விட்டங்களை வீணாக்கிய பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை நான்காவது விட்டம் பின்சுவர்த் தூணின் மேல் இம்மியும் ஆடாமல் உட்கார்ந்தது. எட்டில் ஒரு பங்கு அளவில் நான் செய்துவரும் பேலீஃப் வீட்டு மாதிரியில், கூடத்தின் நடுச்சட்டகம் பாதி முடிந்திருக்கிறது என்று இப்போது துணிந்து சொல்லலாம். இந்த ஒரு மூட்டுக்காகவே இவ்வளவு நாள் கழிந்தது என்பதால், இன்றைய பதிவு பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

பேலீஃப், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோனை ஒட்டி நின்ற பண்ணை வீடு. 1960களின் இறுதியில் பௌ பீச் நீர்த்தேக்கம் எழுந்தபோது அதைக் கழி கழியாகப் பிரித்து, மேற்கு சஸெக்ஸில் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று மறுபடியும் நிறுத்தினார்கள். கூடமும் அதை ஒட்டிய பண்ட அறைகளும் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. மறுமுனையில் வீட்டுக்காரரின் தனியறை ஏறத்தாழ 1510இல் சேர்க்கப்பட்டது. நடுவில் கூரை வரை திறந்த கூடம், இருபுறமும் மாடியுள்ள முனைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே நீண்ட கூரை என்ற இந்த அமைப்பை வீல்டன் வீடு என்பார்கள். அடுப்பு தரையின் நடுவில் எரியும், புகைபோக்கி கிடையாது. இத்தகைய பழைய கூடங்களின் கைமரங்களில் படிந்த புகைக்கரி இன்றும் கறுப்பாகவே இருப்பதைக் காணலாம்.

இனி மூட்டுக்கு வருகிறேன். தூண், சுவர் நெடுகப் போகும் உத்திரம், வீட்டின் குறுக்கே போகும் விட்டம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன. தூணின் தலை உள்பக்கமாகப் பருத்திருக்கும். அந்தப் பருமனுக்காகவே பழைய தச்சர்கள் மரத்தின் வேர்ப்பக்கம் மேலே வரும்படி தூணைத் தலைகீழாக நிறுத்தினார்கள். தூணின் தலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் இரண்டு கழுந்துகள் (துளைக்குள் நுழையும் நாக்குகள்) உண்டு. வெளிப்பக்கக் கழுந்து உத்திரத்தில் வெட்டிய பொளிக்குள் (துளைக்குள்) போகும். அதைவிட உயர்ந்து நிற்கும் உள்பக்கக் கழுந்து விட்டத்தின் அடியில் நுழையும். இவற்றோடு, விட்டத்தின் முனை அடிப்பக்கத்தில் நுனி அகன்ற புறாவால் வடிவில் செதுக்கப்பட்டு, உத்திரத்தின் மேல்முகத்தில் அதே வடிவில் வெட்டிய பள்ளத்தில் மேலிருந்து இறங்கும். கூரையின் எடை கைமரங்கள் வழியாக உத்திரத்தை வெளியே தள்ளப் பார்க்க, அந்தப் புறாவால் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இவ்வளவும் ஒரே நேரத்தில், ஒரே இறக்கத்தில் பொருந்த வேண்டும்.

முதல் விட்டத்தை நல்ல பச்சை (வெட்டி இன்னும் காயாத) ஓக்கில் செதுக்கினேன். புறாவாலின் அகலம் 24 மில்லிமீட்டர், சரிவு ஆறுக்கு ஒன்று (ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்குப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் விரியும்). இறக்கிய அன்று தாளைக்கூட நுழைக்க முடியாத இறுக்கம் இருந்தது. சூடேற்றிய அறையில் ஐந்து வாரம் இருந்ததில் மரம் காய்ந்து, அகலம் 1.2 மில்லிமீட்டர் சுருங்கியது. பக்கத்துக்கு 0.6 என்றாலும், சரிவு ஆறுக்கு ஒன்றாக இருப்பதால் விட்டம் நீளவாக்கில் 3.6 மில்லிமீட்டர் வழுக்கும் இடம் கிடைத்துவிட்டது. உண்மை வீட்டின் அளவில் இது ஓர் அங்குலத்துக்கும் மேல். கையால் இழுத்தபோது உத்திரம் தாராளமாக வெளியே நகர்ந்தது. தூணின் தலையைப் பருமனாக வைத்து இரண்டாவது கழுந்தை ஏன் கொடுத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது: புறாவால் காய்ந்து தளர்ந்த பிறகும் விட்டத்தைத் தூணோடு பிணைத்து வைப்பது அந்தக் கழுந்தும் அதன் குறுக்கே அடித்த மரமுளையும்தான்.

இரண்டாவது விட்டத்துக்கு வாங்கிய மரம், பச்சை என்று சொல்லி விற்கப்பட்டது. உளி பட்டதுமே அது சூளையில் உலர்த்தியது என்று தெரிந்தது. காய்ந்த ஓக் எலும்பைப் போல் இருக்கும். முளை அடித்தால் துளியும் வளைந்து கொடுக்காமல் இழையோடு பிளந்துவிடும். இந்தத் துண்டும் அப்படியே பிளந்தது. இணைய வழி வாங்குவோர், மரம் வந்ததும் அறுத்த முனையில் ஈரம் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்த பிறகே பணத்தைத் தீர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது நான் அரை மணி நேரம் வண்டி ஓட்டி, மரத்தைக் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கும் சிறிய மில்லுக்கே போகிறேன்.

மூன்றாவதில் சரிவைக் கூட்டினால் வழுக்கல் குறையும் என்று கணக்குப் போட்டு, இரண்டுக்கு ஒன்று என்று வெட்டினேன். கணக்கு சரியானதே. ஆனால் அவ்வளவு சரிவில் புறாவாலின் மூலையில் மரத்தின் இழை குறுக்கே அறுபட்டு, நகம் அளவு துண்டு ஒன்று மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டாப்புளியின் இரண்டாவது தட்டிலேயே அந்த மூலை தெறித்துப் போனது.

நான்காவதில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். சரிவு நாலுக்கு ஒன்று. அதைவிட முக்கியமானது மரத்தை அறுத்த விதம்: ஆண்டு வளையங்கள் புறாவாலின் அகலத்துக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கும்படி, நடுவயிரத்திலிருந்து பட்டையை நோக்கிப் பிளந்த பலகையை எடுத்தேன். ஓக் மரம் வளையத்தின் போக்கில் சுருங்குவதில் ஏறக்குறைய பாதியளவே வயிரத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்கும். ஆறு வாரம் கழித்து அளந்தபோது வழுக்கல் 1.2 மில்லிமீட்டர் மட்டுமே. அதையும் முளை இழுத்துக்கொண்டது. கழுந்தில் முளைக்கான துளையை, விட்டத்தின் துளைக்கு நேராக இல்லாமல், தோள்பக்கமாக (கழுந்தின் அடிப்பக்கமாக) ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தேன். கூராகச் சீவிய காய்ந்த ஓக் முளை அந்த வளைந்த வழியில் புகும்போது மூட்டைத் தானே இறுக்கிவிடுகிறது. கடைசித் தட்டில் 'டக்' என்ற ஓசை மந்தமாக மாறும். அந்த ஓசை வந்தபின் அடிக்கக்கூடாது.

ஒவ்வொரு மூட்டும் தன் இடத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், முதல் நாளிலிருந்தே ரோமன் எண்களைக் கீறி வைத்திருக்கிறேன். அக்காலத் தச்சர்களும் சட்டகத்தைத் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டு, பிரித்து, கட்டுமிடத்துக்கு வண்டியில் ஏற்றினார்கள். வளைகோடு இல்லாத எண்கள் உளியால் வெட்ட எளிதானவை. இந்தக் குறிகளை மாதிரியில் மறைத்துவிடச் சொன்ன நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. வீட்டைக் கட்டியவர்களின் கையெழுத்து அது.

மரத்துக்குக் கறுப்புச் சாயமும் சுவருக்கு வெள்ளையும் பூசுவீர்களா என்று பலர் கேட்கிறார்கள். பூச மாட்டேன். அந்தக் கறுப்பு வெள்ளைத் தோற்றம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் விருப்பம். கென்ட், சஸெக்ஸ் பக்கத்து ஓக்கை அப்படியே விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

முன்பக்கம் இன்னும் மீதி இருக்கிறது. அது இதைவிடக் கடினம். கூடத்தின் முன்சுவர் உள்வாங்கி நிற்க, கூரை விளிம்போ நேராக ஓடுகிறது. ஆகவே முன் உத்திரம் சுவரை விட்டு அந்தரத்தில் போகிறது, வளைந்த தாங்குகட்டைகள் அதை ஏந்துகின்றன. இயல்பாகவே வளைந்த கிளைகளை மில்லில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் நேர்மரத்தில் வளைவை அறுத்தால் இழை அறுந்து வலுப்போய்விடும்.

இதற்கிடையே, சட்டகம் முடியாமலே சுவர் நிரப்பும் வேலையில் ஆசை வந்துவிட்டது. ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்ற புதர்மரத்தின் விளார்களை அவற்றினூடே பின்னி, களிமண்ணும் சாணமும் நறுக்கிய வைக்கோலும் பிசைந்து இருபுறமும் அப்ப வேண்டும். ஹேசலை இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டினால்தான் நன்றாக வளையும் என்பதால், இரண்டு கட்டு இப்போதே வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை முன்தூணின் கழுந்துகளுக்குக் கோடு போடுகிறேன்.