ரெட் போட்டாச்சு, ஃபாலோ எங்கே?

2024 முழுக்க என் அக்கா மகன் போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஒரு தட்டுக்கு ஒரு புள்ளி, தினமும் வந்தால் கூடுதல், நண்பனைச் சேர்த்தால் இன்னும் கூடுதல், கடைசியில் எல்லாம் கிரிப்டோ டோக்கனாக மாறும் என்று ஆசை. அவன் போன் போதாதென்று ஆயா போனிலும் ஒரு கணக்கு. டோக்கன் வந்த அன்று கணக்குப் பார்த்தால் வண்ணாரப்பேட்டையில் ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூடத் தேறவில்லை. மறுநாளே ஆப்பைத் தூக்கிவிட்டான்.

கிரிப்டோவுக்கு அடிப்படையான பிளாக்செயின், பலருடைய கணினிகள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்குப் புத்தகம்; அதற்கு ஆள் சேர்ப்பது கஷ்டம்தான். சம்பளம் தர முதலாளி கிடையாது, அதனால் புள்ளி, லெவல், பேட்ஜ் என்று விளையாட்டுக் காட்டுகிறார்கள். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற பிளாக்செயின் விளையாட்டு இதில் பெரிய பாடம். ஊரடங்கில் வேலை போன பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் 2021இல் அதை ஆடித்தான் வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். அப்போது ஆட மூன்று ஆக்ஸி, அதாவது அந்த விளையாட்டின் டிஜிட்டல் பிராணிகள், வேண்டியிருந்தது. வாங்கக் காசில்லாதவருக்கு வேறொருவர் கொடுத்து வருமானத்தில் பங்கு எடுப்பார். இதற்குப் பெயர் ஸ்காலர்ஷிப்பாம்! எங்கள் பக்கம் வாடகை ஆட்டோ என்போம். தினமும் எல்லாரும் எஸ்எல்பி என்ற அந்த விளையாட்டின் டோக்கனைச் சம்பாதித்தார்கள், ஆனால் அது முக்கியமாகச் செலவானது புது ஆக்ஸிகளைப் பெருக்குவதற்குத்தான், அவற்றை வாங்கவோ புது ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். வரத்து குறைந்தது. 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டிய எஸ்எல்பி, 2022இல் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

எனக்கு இதைப் பார்த்தால் கேரம்தான் ஞாபகம் வருகிறது. (2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண், அதையும் சொல்லிக்கொள்கிறேன்.) ரெட், அதாவது சிவப்புக் காயை, குழியில் போட்டால் மட்டும் அது உன்னுடையது ஆகிவிடாது; அடுத்து உன் காய் ஒன்றை ஃபாலோ போடவேண்டும், தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். பிட்காயினிலும் ஒரு ஃபாலோ இருக்கிறது: கணக்குப் பக்கங்களை, அதாவது பிளாக்குகளை, சேர்க்கும் மைனருக்குக் கிடைக்கும் புதுக் காசை, அதன்மேல் 100 பிளாக் ஏறும்வரை, ஏறத்தாழ 17 மணி நேரம், செலவழிக்க முடியாது. எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில், பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டர் ஆவதற்கு அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32 கட்டவேண்டும், தில்லுமுல்லு செய்தால் அதிலேயே கை வைப்பார்கள். தட்டல் ஆப்பில் எல்லாமே ரெட், ஃபாலோ கிடையாது, அதனால்தான் ஒருத்தன் நாலு கணக்கு வைக்கிறான்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். "சரி மாமா, ஆனா ஆயா இன்னும் ஆடுது" என்றான். போய்ப் பார்த்தேன், உண்மைதான். டோக்கன் என்றால் என்னவென்றே ஆயாவுக்குத் தெரியாது, தட்டினால் காசு துள்ளுவது பிடித்திருக்கிறதாம்.