உன் அம்மாவை எண்ணினார்களா?

1929 நவம்பர். அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நைஜீரியாவின் ஒலோகோ ஊரில் நுவான்யெருவா என்ற இக்போ இனப் பெண் பாமாயில் எடுத்துக்கொண்டிருந்தார். அரசுக்காகக் கணக்கெடுக்க வந்தவன், வீட்டு ஆட்களையும் ஆடுகளையும் எண்ணிச் சொல்லச் சொன்னான். ஆண்களுக்கு ஏற்கெனவே வரி போட்டாயிற்று; அடுத்து நமக்குத்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உன் அம்மாவை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டார். என்ன கேள்வி அது!

திரண்டு வரச் சொல்லும் அழைப்பாகப் பனையோலை ஊர் ஊராகப் போனது. ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டார்கள். தப்பு செய்த ஆணின் வீட்டைச் சூழ்ந்து, அவனைக் கேலி செய்து விடிய விடியப் பாடி, உலக்கையால் சுவரை இடிப்பது இக்போ பெண்களின் பழைய வழக்கம். அதையே வெள்ளையர் நியமித்த தலைவர்களின் வாசலில் செய்தார்கள்.

அரசுப் படைகளின் துப்பாக்கிச் சூட்டில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஆனால் அந்த நியமனத் தலைவர் முறையையே அரசு பிறகு கைவிட வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகளும் நுவான்யெருவாவைப் படிக்க வேண்டும்.