மாமாவின் காலுக்கு ரத்தக்குழாய் தேடியபோது

மாமா குமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே தோட்டத்துக்குப் போகும்போது, எதிரே வந்த கல் லாரிக்கு ஒதுங்கப்போய் பைக்கோடு ஓடைக்குள் விழுந்தார். இடது முட்டி விலகிவிட்டது. ரத்தம் அதிகம் போகாததால், முதலில் கொண்டுபோன சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு மாவுக்கட்டுக்குத் தயாரானார்கள். "மக்களே, காலு மரத்துப் போச்சு" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று சூடாக இருந்தது, மற்றது ஜில்லென்று இருந்தது. அதைக் காட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே ரத்தக்குழாய் சர்ஜன், ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்க உதவும், பேனா மாதிரி இருந்த டாப்ளர் கருவியை ஜெல் தடவி வலது பாதத்தில் வைத்தார். 'உஸ்... உஸ்...' என்று நாடித் துடிப்போடு சத்தம் வந்தது. இடது பாதத்தில் வெறும் இரைச்சல். ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் முட்டிக்குப் பின்னால் தமனி பட்டென்று நின்றிருந்தது. அந்த இடத்தில் தமனி மேலேயும் கீழேயும் இறுகப் பிடிபட்டிருக்கிறது. முட்டி விலகும்போது இழுபட்டு உள்சுவர் கிழிகிறது, அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாமல் சுமார் 6 மணி நேரம் தாண்டினால் தசை சாக ஆரம்பித்துவிடும் என்றார்கள்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். கிழிந்த இடத்தில் வைத்துத் தைக்க ஒரு குழாய் வேண்டும். வழக்கமாக அடிபடாத காலில் உள்ள நீளமான சிரையை எடுத்து, உள்ளிருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் தடுக்காதபடி தலைகீழாக்கி வைப்பார்கள். அடிபட்ட காலில் ஆழத்துச் சிரையும் கிழிந்திருந்தால், ரத்தம் திரும்பத் தோலுக்கடியில் இருக்கும் இந்தச் சிரைதான் வழி. அதனால் கூடியவரை அதைத் தொடமாட்டார்கள். மாமாவுக்கோ வலது காலில் முன்பே வெரிகோஸ் என்ற சிரை வீக்கத்துக்கு லேசர் வைத்து அந்தச் சிரையை அடைத்தாயிற்று. கையெழுத்து வாங்க வந்தபோது இதைச் சொன்னேன். சர்ஜன் முகம் மாறியது.

ரெடிமேடாக பிடிஎஃப்இ என்ற செயற்கைக் குழாய் உண்டு. ஆனால் ஓடைச் சேறு புகுந்த காயத்தில் அதில் கிருமி ஒட்டினால் லேசில் போகாது. முட்டிக்குக் கீழே அது சீக்கிரம் அடைபடவும் செய்யும். கடைசியில் கையில் பட்டையைக் கட்டி, ஸ்கேனில் சிரையைத் தேடிப் பேனாவால் கோடு போட்டார்கள். அந்த நிலையிலும் மாமா, "கத்தி பிடிக்கிற கை வேண்டாம் டாக்டர்" என்றார். இடது கைச் சிரைதான் போனது. தைத்து முடியும்வரை ஒரு பிளாஸ்டிக் குழாயை இடையில் செருகி ரத்தத்தை ஓட விட்டிருந்தார்களாம்.

ஆபரேஷன் முடிந்து பார்த்தால் கெண்டைக்காலின் இரு பக்கமும் நீளமாக வெட்டித் திறந்தே வைத்திருந்தார்கள். அத்தை அழுதுவிட்டார். ரத்தம் திரும்பியதும் தசை வீங்கி நெரிபடும், அதைத் தடுக்கத்தான் இப்படி என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். பாதத்தில் துடிப்பு கேட்கும் இடத்தில் பேனாவால் 'X' போட்டு, நர்ஸ் மணிக்கொரு தடவை டாப்ளர் வைத்துக் கேட்பார். அந்தச் சத்தம் வரும்வரை நாங்கள் யாரும் பேசமாட்டோம்.

பிறகு செக்கப்புக்குப் போனபோது, மனிதக் குழாய் போலவே எதையாவது செய்துவைக்க முடியாதா என்று சர்ஜனிடம் கேட்டேன். "செஞ்சுட்டாங்க தம்பி, இங்க இன்னும் வரல" என்றார். அமெரிக்காவின் ஹியூமசைட் நிறுவனம் செய்வது அது. தானமாகக் கிடைத்த ரத்தக்குழாயின் தசைச் செல்களை, கரையக்கூடிய வலைக்குழாயில் விதைத்து, ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். பிறகு செல்களை எல்லாம் கழுவி எடுத்துவிட்டால் கொலாஜன் குழாய் மட்டும் மிஞ்சும். செல் இல்லாததால் உடம்பு அதை அந்நியமாக நினைத்துத் தாக்காது. நாளடைவில் நோயாளியின் சொந்தச் செல்களே வந்து குடியேறும். அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் விபத்துக் காயங்களிலும், உக்ரைனில் போர்க் காயங்களிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. கை, கால் தமனிக் காயத்தில், சொந்தச் சிரை எடுக்க வழியில்லாத பெரியவர்களுக்கு மட்டும்.

கேட்டதும் மாமாவுக்காகவே செய்ததுபோல் இருந்தது. ஆனால் வீட்டில் வந்து தேடிப் படித்ததும் வேகம் குறைந்தது. மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அமெரிக்க-இஸ்ரேல் சோதனையில் 30 நாளில் அடைப்பில்லாமல் இருந்தவை 84.3 சதவீதம் என்கிறது. எஃப்டிஏ தன் கணக்கில் 54 பேரை எடுத்து, 67 சதவீதம் என்றது. செயற்கைக் குழாயோடு நேருக்கு நேர் வைத்துச் சோதிக்கவில்லை, பழைய ஆய்வு முடிவுகளோடுதான் ஒப்பிட்டார்கள். உயிர் போகிற அவசரத்தில் சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரிப்பது கஷ்டம்தான், சரி. ஆனால் குழாய் கிழிந்தோ தையல் விட்டோ ரத்தப்பெருக்கு வரலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. விலை 29,500 டாலர் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். "25 லட்சமா? எவ்வளவு ரப்பர் ஷீட்டு விக்கணும்!" என்றார் மாமா.

எனக்கென்னவோ கைச்சிரை கிடைத்ததே நல்லதென்று படுகிறது. இப்போது மாமா ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், கெண்டைக்காலில் தோல் ஒட்டியிருக்கிறார்கள், மேட்டில் ஏறினால் கால் கடுக்கிறது. அவருடைய ஃபைலின் முதல் தாளில், 'வலது கால் சிரை இல்லை, இடது கைச் சிரை எடுத்தாயிற்று' என்று சர்ஜனிடமே கேட்டுச் சிவப்பு மையில் எழுதி வாங்கிவிட்டேன். அதன் நகல் அவர் பைக் பெட்டியிலும் இருக்கிறது.